நெட்டையும் குட்டையும்: பி பிளாக் தென்னைகளைப் பற்றிக் கொஞ்சம்

(நம் சங்கக் கூடத்தில் நடந்த காலாண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "பூச்சியைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார். நான் தாவரவியல் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். இருந்தும் ஒத்துக்கொண்டேன். காரணம், அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. பி பிளாக் பக்கத் தென்னைகளுக்கு ஒப்பந்தம் போட்டு மருந்து அடிப்பதா, அல்லது மரங்களையே வெட்டிவிடுவதா என்பது தீர்மானம். கையைத் தூக்குவதற்கு முன்னால் நீங்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

பி பிளாக் பார்க்கிங்கில் காரை இரண்டு நாள் நிறுத்தினால் கண்ணாடி பிசுபிசு என்று ஆகிவிடுகிறது. ஒரு வாரம் விட்டால் அதன் மேல் கரி படிந்த மாதிரி இருக்கிறது. பலர் இதை ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். புகை அல்ல. தலைக்கு மேல் இருக்கும் ஓலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கோலமாவில் சுருள் சுருளாகப் போட்ட மாதிரி வெள்ளை வளையங்கள் தெரியும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி இட்ட முட்டைகள் அவை. அதன் குஞ்சுகள் ஓலையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. தங்களுக்குத் தேவைக்கு மேல் போன சர்க்கரையைக் கீழே சொட்டவிடுகின்றன. அந்த இனிப்பின் மேல் வளர்வதுதான் கரும்பூஞ்சாணம். உங்கள் கார் மேல் இருப்பதும், கீழ் மட்டை ஓலைகளைக் கறுப்பாக்கி வைத்திருப்பதும் அதுதான்.

இந்த ஈ நம் நாட்டு ஈ அல்ல. மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டில் கிடைத்ததை வைத்து 2004இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். 2009இல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. 2016இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு எங்கும் பரவிவிட்டது. தென்னையோடு நிற்பதும் இல்லை. வாழை, கொய்யா, சப்போட்டா, நாட்டு வாதாம் என்று எல்லா மரத்திலும் உட்காரும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நம் வளாகத்தில் மொத்தம் பதினாலு தென்னை. பின்பக்கச் சுவரை ஒட்டி நிற்கும் ஐந்தும் நெட்டை மரங்கள். இங்கே தனி வீடுகள் இருந்த காலத்தில் யாரோ வைத்தவை. பார்க்கிங் ஓரத்தில் இருக்கும் ஒன்பதும் ஆரஞ்சு நிறக் காய் காய்க்கும் குட்டை ரகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததே, அதில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்தவை. போன மாதம் மரம் ஏறுபவர் வந்து காய்ந்த மட்டைகளோடு சில பச்சை மட்டைகளையும் இறக்கியபோது, இரண்டு பக்கத்து ஓலைகளையும் தரையில் பரப்பிப் பார்த்தோம். குட்டை மரத்து ஓலை முழுக்க வெள்ளை. நெட்டை மரத்து ஓலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருந்தது. ஒரே காம்பவுண்டு, ஒரே தண்ணீர், ஒரே காற்று. நடுவில் நாற்பது அடி தூரம்கூட இல்லை.

இது தற்செயல் அல்ல. சாவக்காடு ஆரஞ்சு குட்டை, மலேயன் மஞ்சள் குட்டை, மலேயன் பச்சை குட்டை, இவற்றைக் கலந்து எடுத்த ஒட்டு ரகங்கள் ஆகியவற்றில் இந்த ஈ அதிகம், நெட்டை ரகங்களில் குறைவு என்று ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். நெட்டையில் வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை. குறைவு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் 'குறைவு' என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று புரிய வேண்டுமானால் ஆப்பிளிடம் போக வேண்டும்.

ஆப்பிளா என்று சிரிக்காதீர்கள். ஒரே பயிரில் ஒரு ரகத்தைப் பூச்சி தின்கிறது, பக்கத்து ரகத்தை ஏன் தொடுவதில்லை என்ற கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே கேட்டவர்களில் ஆப்பிள் தோட்டக்காரர்களும் உண்டு. ஆப்பிள் மரத்தில் கம்பளி அசுவினி என்று ஒரு பூச்சி வரும். கிளையில் பஞ்சு ஒட்டிய மாதிரி தெரியும். கிளையோடு விடாது, மண்ணுக்குள் வேருக்கும் போய் முண்டு முண்டாக வீங்க வைத்துவிடும். கிளைக்கு மருந்து அடிக்கலாம், வேருக்கு எப்படி அடிப்பது? 1831இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் லிண்ட்லி என்ற தோட்டக்கலை நிபுணர் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தார்: 'வின்டர் மெஜட்டின்' என்ற ரகத்தை மட்டும் இந்த அசுவினி அண்டுவதில்லை என்று. ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பார்த்ததை எழுதினார்.

அமெரிக்காவில் 'நார்தர்ன் ஸ்பை' என்று இன்னொரு ரகம். அதன் வேரையும் அசுவினி தொடுவதில்லை. அப்போதுதான் தோட்டக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஆப்பிள் எப்படியும் ஒட்டுக் கட்டித்தான் வளர்ப்பது. மேலே நமக்குப் பிடித்த ரகம் இருக்கட்டும், கீழே வேர் நார்தர்ன் ஸ்பையாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த வழியில்தான் தோட்டங்களைக் காப்பாற்றினார்கள். பிறகு இங்கிலாந்தில் மெர்டன் என்ற இடத்தில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனமும், ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நார்தர்ன் ஸ்பையை மற்ற வேர்ச்செடிகளோடு கலந்து புது வரிசை ஒன்றை உருவாக்கின. மாலிங், மெர்டன் இரண்டு ஊரின் முதல் எழுத்தையும் சேர்த்து எம்.எம். என்று பெயர். 1952இல் வெளிவந்த எம்.எம். 106, எம்.எம். 111 இரண்டும் இன்றைக்கும் இமாச்சலத் தோட்டங்களில் இருக்கின்றன. தாம்பரம் மார்க்கெட்டில் நாம் கிலோ கணக்கில் வாங்கும் பழத்தின் வேர், நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு அசுவினிக்குப் பிடிக்காத வேராக இருக்கலாம். நம் குன்னூர் பக்கமும் இந்த அசுவினிக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அங்கே வந்துவிட்டது.

இவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு அரிசிப் பானைக்கே வருவோம். என் வயதுக்காரர்களுக்கு ஐ.ஆர்.20 ஞாபகம் இருக்கும். மதுராந்தகம் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பேரேட்டில் ஏற்றுவேன். 'ரகம்' என்ற கட்டத்தில் ஐ.ஆர்.20, ஐ.ஆர்.20 என்று எழுதியே கை வலித்த நாட்கள் உண்டு. அந்த ரகத்தை 1969இல் வெளியிட்டது பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். ஆனால் அதன் பெற்றோரில் ஒருவர் நம் ஊர்க்காரர். டி.கே.எம்.6. திருவள்ளூருக்குச் சற்று முன்னால் திரூரில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. திரூர்குப்பம் என்பதன் சுருக்கம்தான் டி.கே.எம். கோ 18 ரகத்தையும் கிச்சிலிச் சம்பா என்று நாம் சொல்லும் ஜி.இ.பி.24 ரகத்தையும் சேர்த்து எடுத்தது. நெல்லின் தண்டைக் குடைந்து குருத்தைக் காய வைக்கும் தண்டுத் துளைப்பானை டி.கே.எம்.6 ஓரளவு தாங்கும். அதற்காகத்தான் பிலிப்பைன்ஸ்காரர்கள் அதைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

கதை அங்கேயே சுபமாக முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அதே டி.கே.எம்.6இன் இன்னொரு பிள்ளை ஐ.ஆர்.26. 1973இல் வந்தது. புகையான் தாக்காத ரகம் என்று கொண்டாடினார்கள். புகையான் வந்தால் வயல் நெருப்பு வைத்த மாதிரி காய்ந்து போகும் என்பது உங்களில் கிராமத்துப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் எங்கு பார்த்தாலும் ஐ.ஆர்.26 ஆயிற்று. இரண்டு மூன்று வருஷத்தில் அந்த ரகத்தையும் தின்னக்கூடிய புகையான் பெருகிவிட்டது. ஒரே சாவியில் எல்லா வீடும் திறக்கும் என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதும் அல்லவா, அந்த மாதிரி. பிறகு 1976இல் ஐ.ஆர்.36 வந்து நிலைமையைச் சமாளித்தது. அதன் எதிர்ப்புச் சக்தி பட்டாம்பியில் இருந்து போன பி.டி.பி. ரகங்களின் வழி வந்தது. பட்டாம்பி இன்றைக்குக் கேரளம். நிலையம் ஆரம்பித்த 1927இல் அது சென்னை மாகாணம்.

எதிர்ப்புச் சக்தி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதம் இருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸைச் சேர்ந்த பெயின்டர் என்ற பூச்சியியல் அறிஞர் 1951இல் வெளியிட்ட நூலில் இதைப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், பூச்சிக்கு அந்தச் செடி பிடிக்கவே பிடிக்காது. முட்டையிட வேறு இடம் பார்க்கும். இரண்டாவது, உட்காரும், தின்னும், ஆனால் தின்றது ஒத்துக்கொள்ளாமல் குஞ்சு சாகும் அல்லது வளராது. மூன்றாவது, பூச்சி நன்றாகவே வாழும், ஆனால் செடி அசராது, தாங்கிக்கொண்டு காய்க்கும். நம் அசோசியேஷனில் மெயின்டனன்ஸ் உயர்வு வரும்போதெல்லாம் நம்மில் பலர் மூன்றாம் விதம்.

சில சமயம் காரணம் ரொம்ப எளிமையாகவும் இருக்கும். தென்னங்காயைச் சொறி பிடித்த மாதிரி ஆக்கும் ஈரியோபைட் சிலந்தி 1998இல் எர்ணாகுளம் பக்கம் தெரிய வந்து, பிறகு தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. அது பூச்சி இனம்கூட அல்ல, கண்ணுக்கே தெரியாத சிலந்தி. காயின் காம்பைச் சுற்றி இருக்கிறதே தொப்பி மாதிரி இதழ்கள், அதற்கு அடியில் நுழைந்துதான் சுரண்டும். இதழ்கள் காயோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும் மரங்களில், உருண்டைக் காய் மரங்களில், அது நுழைய இடம் குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பச்சை நெட்டையில் இருந்து காசர்கோடு மத்திய ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த 'கல்ப ஹரிதா' ரகத்துக்கு இந்தச் சிலந்தித் தொல்லை குறைவு என்பதும் ஒரு சிறப்பு.

வங்கியில் எங்கள் மேலாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார், கடன் கொடுக்கும்போது ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து பார்த்தால், வசூலுக்கு ஆறு மாதம் அலைய வேண்டியதில்லை என்று. மரத்துக்கும் அப்படித்தான் என்பது என் கட்சி. எந்த ரகம் என்று கேட்காமல் நட்டுவிட்டு, பூச்சி வந்த பிறகு வருஷா வருஷம் மருந்துக்குப் பணம் ஒதுக்குவது வாராக்கடனைத் துரத்துகிற வேலை.

அதற்காகக் குட்டை வைத்ததைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வர்தாவுக்கு மறுவாரம் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சேலையூரில் இருந்து வண்டலூர் வரை சாய்ந்த மரம்தான். அந்த நேரத்தில் உயரம் குறைந்த மரம் வேண்டும் என்பது நியாயமான முடிவு. குட்டை மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும், நெட்டைக்கு ஆறேழு வருஷமாவது ஆகும். ஏறிப் பறிக்க ஆள் தேட வேண்டாம். குழந்தைகள் தலையில் காய் விழும் பயமும் குறைவு. வெள்ளை ஈ இந்தப் பக்கம் வரும் என்று அப்போது யார் கணக்குப் போட்டார்கள்?

இப்போது மருந்து விஷயம். இந்த ஈக்கு ரசாயன மருந்து அடிக்க வேண்டாம் என்பதுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவுரை. காரணம், ஈயின் பின்னாலேயே அதன் எதிரியும் வந்துவிட்டது. என்கார்சியா என்று ஒரு குளவி. குளவி என்றால் கொட்டுகிற குளவி அல்ல, ஊசி முனை அளவுதான் இருக்கும். ஈக்குஞ்சின் மேல் முட்டையிடும். உள்ளே குளவிக்குஞ்சு வளர வளர, ஈக்குஞ்சு கறுத்துப் போகும். கடைசியில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். அரசாங்கம் இறக்குமதி செய்து விட்டதல்ல, தானாகவே வந்து சேர்ந்தது. நம் குட்டை மரத்து ஓலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவே கறுப்புப் புள்ளிகளும், ஓட்டை விழுந்த கூடுகளும் இருக்கின்றன. அதாவது வேலைக்காரர்கள் சம்பளம் கேட்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மருந்து அடித்தால் முதலில் சாவது அவர்கள்தான். மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் ஈ பிழைத்துக்கொள்ளும்.

பப்பாளி மாவுப்பூச்சி கதை தெரியுமா? 2008இல் கோவையில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பஞ்சு மூடிப் போயின. மருந்தால் அடக்க முடியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகுதான் அடங்கியது. அங்கே கடல் கடந்து வரவழைத்தார்கள். நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது.

வேர் வழியாக மருந்து கட்டுகிறோம், வாசனையே வராது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வாசனை வராது, சரி. வேரில் கட்டிய மருந்து எங்கே போகும்? வேர் வழி மருந்து என்றால் முதலில் காய்களை இறக்கிவிட வேண்டும், பிறகு 45 நாள் பறிக்கக் கூடாது என்பது பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நிபந்தனை. வெயில் காலத்தில் நம் பிள்ளைகளும், வாட்ச்மேன் குடும்பமும் அந்த மரத்து இளநீரைத்தான் வெட்டிக் குடிக்கிறார்கள். 45 நாள் யார் காவல் நிற்பது?

வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஈ மரத்தைக் கொல்லும் பூச்சி அல்ல. கார் அழுக்காகும், கீழ் ஓலை கறுக்கும், மரம் கொஞ்சம் சோரும். தென்னையைக் கொல்கிறவை காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும். கூன்வண்டு மரத்தில் இருக்கும் காயத்தின் வாசனைக்கு வரும். நாம் தீபாவளிக்குச் சீரியல் பல்பு கட்டவும், துணிக்கொடி கட்டவும் மரத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. பச்சை மட்டையை அடியோடு ஒட்ட வெட்டுவதும் அப்படித்தான். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் அடிமட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் சில கேள்விகள் வந்தன. பதில்களையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள்.

"அப்போ ஒண்ணுமே செய்யாம இருக்கணுமா அண்ணா?" என்று பி பிளாக் சகோதரி ஒருவர் கேட்டார். செய்ய நிறைய இருக்கிறது. குட்டை மரம் என்பதால் நமக்கு ஒரு வசதி, ஹோஸ் பைப் எட்டும். ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் குஞ்சுகளும் முட்டையும் நிறைய கழுவிப்போகும். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டும். கறுத்த ஓலைக்கு மைதா பசை: லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் ஓலையின் மேல்பக்கம் தெளித்தால், வெயிலில் காய்ந்து பூஞ்சாணத்தோடு உரிந்து விழும். குளவி இருக்கும் ஓலையை மட்டும் கழுவாமல் விடுங்கள். கறுத்த கூடுகள் உள்ள ஓலைத் துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்தில் ஊசி குத்தி வைத்தால் அங்கேயும் பரவும். காலி இடத்தில் நாலு கல்வாழை வைக்கலாம், குளவி பெருக அது உதவும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஈயும் குறையும்.

இன்னொருவர் நேராகவே கேட்டார்: "சார், என் காருக்கு என்ன வழி?" அவர் கோபம் நியாயம்தான். அந்த வரிசையில் ஏழு காருக்கு விசிட்டர் பார்க்கிங்கை ஜூன் வரை மாற்றிக் கொடுக்கலாம் என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் பீய்ச்சும் நாளை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே போடுவோம்.

மூன்றாவது கேள்வி, ஒன்பதில் இரண்டு குட்டை ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கிறதே, அந்த இடத்தில் எதை வைப்பது என்று. என் யோசனை கிழக்குக் கடற்கரை நெட்டை, அல்லது வேப்பங்குளம் நிலையத்தின் நெட்டை ரகம் ஒன்று. ஆனால் பார்க்கிங் ஓரத்தில் வேண்டாம், பின்பக்கச் சுவர் ஓரத்தில். மிச்சமுள்ள ஏழு குட்டையும் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே ரகமாக்குவதும் எனக்குச் சம்மதம் இல்லை, ஐ.ஆர்.26 கதையைத்தான் சொன்னேனே. பார்க்கிங் பக்கம் காலியாகும் குழிகளில் வேம்போ புங்கனோ வைக்கலாம். கன்று வாங்கும்போது ரகத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். 'நல்ல கன்று சார்' என்பது ஒரு ரகத்தின் பெயர் அல்ல.

ஓட்டெடுப்புக்கு முன் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஓலை மாதிரியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். பொத்தேரிப் பக்கம் இருக்கும் காட்டுப்பாக்கம், பூந்தமல்லி காட்டுப்பாக்கம் அல்ல. ஆட்டோக்காரரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். கூட வர விருப்பமுள்ளவர்கள் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.